லிங்கைக் கிளிக் செய்தால் கணினியிலுள்ள புரோகிராம் வேலை செய்ய வேண்டுமா? முழுமையான வழிகாட்டி

பிரவுசரில் ஒரு நீண்ட பட்டியல் திறந்திருக்கிறது. அதில் ரசீது எண் 1042 கண்ணில் படுகிறது. அந்த ரசீதின் முழு விவரமும் கணினியில் நிறுவியிருக்கும் கணக்குப் புரோகிராமில்தான் இருக்கிறது. எண்ணைக் காப்பி செய்து, புரோகிராமுக்கு மாறி, தேடல் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டினால் ரசீது வருகிறது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒரு நாளில் 40 தடவை இதையே செய்கிறவருக்குக் கையும் வலிக்கும், கவனமும் சிதறும். எண்ணில் ஒரு இலக்கம் விடுபட்டு வேறொருவர் ரசீது திறந்துவிடுவதும் உண்டு.

பட்டியலில் இருக்கும் அந்த 1042 என்பதையே லிங்காக்கி, கிளிக் செய்ததும் புரோகிராம் எழுந்து அந்த ரசீதைக் காட்டும்படி செய்ய முடியும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். மின்னஞ்சல் முகவரியைத் தொட்டால் மெயில் புரோகிராம் திறக்கிறதே, ஜூம் அழைப்பு லிங்கைத் தொட்டால் ஜூம் திறக்கிறதே, அதே வழிதான். விஎஸ் கோட், ஆப்சிடியன், ஸோட்டெரோ, ஸ்டீம் எல்லாம் தங்களுக்கென ஒரு லிங்க் வகையை வைத்திருக்கின்றன. நீங்களும் உங்கள் புரோகிராமுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிங்கைப் பதிவு செய்வது கால்மணி நேர வேலை. அந்த லிங்க் வழியாக எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று முடிவெடுப்பதுதான் உண்மையான வேலை. லிங்க் என்பது யார் வேண்டுமானாலும் எழுதிப் போடக்கூடிய விண்ணப்பம். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் புரோகிராம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கின்றன.

இன்னொரு குறிப்பு: ஃபைல் பெயர், ரிஜிஸ்ட்ரி பெயர், கட்டளை எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கிளிக் செய்ததும் என்ன நடக்கிறது

லிங்கின் தொடக்கத்தில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லுக்கு ஸ்கீம் என்று பெயர். எச்டிடிபிஎஸ் என்பது ஒரு ஸ்கீம். மெயில்டு ஒன்று, டெல் ஒன்று. பிரவுசர் முதலில் இந்தச் சொல்லைப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த ஸ்கீம் என்றால் தானே கையாளும். தெரியாத ஸ்கீம் என்றால் இயங்குதளத்திடம், அதாவது விண்டோஸ், மேக் அல்லது லினக்ஸிடம், "இந்தச் சொல்லுக்கு யாராவது பதிந்திருக்கிறார்களா?" என்று கேட்கிறது. ஒரு புரோகிராம் பதிந்திருந்தால், பயனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முழு லிங்கையும் அப்படியே அந்தப் புரோகிராமிடம் கொடுத்துவிடுகிறது. அதோடு பிரவுசரின் வேலை முடிந்தது. புரோகிராம் திறந்ததா, லிங்கைப் புரிந்துகொண்டதா, ஏதாவது பிழையா என்று எந்தப் பதிலும் வலைப்பக்கத்துக்குத் திரும்பி வராது. இது ஒருவழிப் பாதை என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

நம் உதாரணத்துக்குப் புரோகிராமின் பெயர் பேரேடு என்று வைத்துக்கொள்வோம். லிங்க் இப்படி இருக்கும்:

பேரேடு://திற?எண்=1042

பேரேடு என்பது ஸ்கீம். "திற" என்பது செயல். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது அந்தச் செயலுக்கு வேண்டிய விவரம்.

படி 1: பெயரும் செயல்களும்

ஸ்கீம் பெயருக்கு விதி உண்டு. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதி வெளியிடும் ஆவண வரிசை) சொல்வதன்படி, அது ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். அதன்பின் ஆங்கில எழுத்து, எண், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி மட்டுமே வரலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. எப்போதும் சின்ன எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

"ஆப்", "ஓபன்", "நோட்" போன்ற பொதுப் பெயர்களை வைக்காதீர்கள். வேறொரு புரோகிராம் அதே பெயரை நாளைக்குப் பதிந்துவிட்டால், உங்கள் லிங்குகள் அங்கே போய்ச் சேரும். தடுக்க யாரும் இல்லை, ஏனென்றால் பெயர்களுக்குக் காவலாளி கிடையாது. நிறுவனத்துக்கோ உங்களுக்கோ ஒரு டொமைன், அதாவது வலைத்தளப் பெயர், இருந்தால் அதன் பகுதிகளைத் தலைகீழ் வரிசையில் எழுதி (எக்ஸாம்பிள்.காம் என்பதைக் காம்.எக்ஸாம்பிள் என்று) பெயராக்குவது நல்ல பழக்கம். டொமைன் இல்லையென்றால் குறைந்தபட்சம் இரண்டு சொற்களைச் சிறுகோட்டால் இணைத்துத் தனித்துவமான பெயர் வையுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து, லிங்க் வழியாக நடக்க வேண்டிய செயல்களை எழுதுங்கள். மூன்று அல்லது நான்கு போதும்: திற, தேடு, புதிது. எழுதிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: "என்னைப் பிடிக்காத ஒருவர் இந்த லிங்கைத் தன் பக்கத்தில் வைத்து, நான் தெரியாமல் கிளிக் செய்துவிட்டால் என்ன ஆகும்?" திற என்றால் ஒரு ரசீது திரையில் வரும், அவ்வளவுதான். அழி என்றால்? அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "இந்தக் கட்டளையை ஓட்டு", "இந்த ஃபைலைத் திற" என்று எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் செயல்களையும் அடித்துவிடுங்கள்.

படி 2: விண்டோஸில் பதிவு செய்வது

விண்டோஸில் இது ரிஜிஸ்ட்ரி வேலை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி. அதில் ஃபோல்டர் போல அடுக்காக இருப்பவை கீகள். எச்கீ கிளாசஸ் ரூட் என்ற இடத்தில் எழுதச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அந்த இடம் உண்மையில் இரண்டு இடங்களைச் சேர்த்துக் காட்டும் கண்ணாடி: கணினி முழுவதற்கும் உள்ள பதிவுகள் ஒன்று, தற்போதைய பயனருக்கு மட்டும் உள்ளவை இன்னொன்று. பயனருக்கான இடத்தில் எழுதினால் நிர்வாகி அனுமதி வேண்டாம், தவறு நேர்ந்தாலும் மற்றவர்களைப் பாதிக்காது. அதனால் அங்கேயே எழுதுவோம்.

1. ஸ்டார்ட் மெனுவில் ரெஜ்எடிட் என்று தட்டித் திறங்கள். எச்கீ கரண்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் கிளாசஸ் என்று போங்கள்.

2. கிளாசஸின் கீழ் உங்கள் ஸ்கீம் பெயரில் ஒரு புதிய கீ உருவாக்குங்கள். அதன் டிஃபால்ட் மதிப்பில் "யூஆர்எல்:" என்று தொடங்கி ஒரு விளக்கம் எழுதலாம்.

3. அதே கீயில் "யூஆர்எல் புரோட்டோகால்" என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் மதிப்பைச் சேருங்கள். இரு சொற்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி. மதிப்பு காலியாகவே இருக்கட்டும். இந்தக் காலி மதிப்பு இல்லையென்றால் விண்டோஸ் இதை லிங்க் வகையாகவே எடுத்துக்கொள்ளாது. பலர் தவறவிடும் இடம் இது.

4. ஸ்கீம் கீயின் கீழ் ஷெல், அதன் கீழ் ஓபன், அதன் கீழ் கமாண்ட் என்று அடுக்காக மூன்று கீகள்.

5. கமாண்ட் கீயின் டிஃபால்ட் மதிப்பில் புரோகிராமின் முழுப் பாதையை எழுதுங்கள்:

"சி:\கருவிகள்\பேரேடு.எக்ஸி" "%1"

%1 என்ற இடத்தில் விண்டோஸ் முழு லிங்கையும் நிரப்பித் தரும். இரண்டு ஜோடி மேற்கோள் குறிகளும் கட்டாயம். முதல் ஜோடி பாதைக்கு. "புரோகிராம் ஃபைல்ஸ்" போன்ற ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கிறது. மேற்கோள் இல்லையென்றால் பாதை நடுவில் உடையும். இரண்டாவது ஜோடி லிங்குக்கு.

இந்த இரண்டாவது ஜோடியை விட்டுவிட்டு ஒரு மதியம் முழுக்க நான் அலைந்திருக்கிறேன். எண்ணை மட்டும் அனுப்பியபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. வேறொரு புரோகிராமிலிருந்து இடைவெளியுள்ள பெயர் ஒன்று லிங்கில் வந்ததும், பெயரின் முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. லிங்கைப் பிரிக்கும் கோடில்தான் பிழை என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன். புரோகிராமைத் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படும் விவரங்களுக்கு ஆர்க்யுமென்ட் என்று பெயர். கடைசியில், வந்த ஆர்க்யுமென்டுகளை அப்படியே ஒரு ஃபைலில் எழுதிப் பார்த்தபோதுதான், ஒன்றாக வர வேண்டியது மூன்றாக வந்திருப்பது தெரிந்தது.

புரோகிராம் பைத்தானில் எழுதியதாக இருந்தால் கமாண்டில் பைத்தான்டபிள்யூ.எக்ஸியின் முழுப் பாதை, அதன்பின் ஸ்கிரிப்டின் முழுப் பாதை, அதன்பின் "%1". சாதாரண பைத்தான்.எக்ஸியைக் கொடுத்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கறுப்புத் திரை ஒன்று தோன்றி மறையும். பவர்ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் ஃபைல் என்ற ஆப்ஷனோடுதான் கொடுக்க வேண்டும். கமாண்ட் என்ற ஆப்ஷனோடு கொடுத்தால் லிங்கில் இருப்பதையே பவர்ஷெல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பேட்ச் ஃபைலை இந்த இடத்தில் வைக்கவே வேண்டாம். & குறிக்கும் % குறிக்கும் அங்கே வேறு அர்த்தம் உண்டு, லிங்குகளிலோ இந்த இரண்டும் நிறைந்திருக்கும்.

கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. விண்டோஸும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, ரன் பெட்டியில் லிங்கைத் தட்டி என்டர் கொடுங்கள். புரோகிராம் திறந்தால் பதிவு சரி. பிரவுசரில் சோதிப்பதற்கு முன் இங்கே சோதித்துவிட்டால், பின்னால் சிக்கல் வரும்போது குற்றவாளி பிரவுசரா பதிவா என்ற குழப்பம் இருக்காது.

மேக், லினக்ஸ்

மேக்கில் தனி ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு ஸ்கீமைக் கொடுக்க முடியாது. முழு ஆப் வடிவில் இருக்க வேண்டும். ஆப்புக்குள் கன்டென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஃபோ.பிலிஸ்ட் ஃபைலில் சிஎஃப்பண்டில்யூஆர்எல்டைப்ஸ் என்ற பட்டியலைச் சேர்த்து, அதற்குள் சிஎஃப்பண்டில்யூஆர்எல்ஸ்கீம்ஸ் என்பதில் உங்கள் பெயரை எழுத வேண்டும். ஆப்பை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் வைத்து ஒருமுறை திறந்தால் இயங்குதளம் பெயரைக் கவனித்துக்கொள்ளும். டெர்மினலில் ஓபன் கட்டளையோடு லிங்கைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

விண்டோஸிலிருந்து வருபவர்கள் இங்கே திகைக்கும் இடம் ஒன்று உண்டு: மேக்கில் லிங்க் ஆர்க்யுமென்டாக வராது, ஒரு நிகழ்வாக வரும். ஆர்க்யுமென்ட் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது காலியாகவே இருக்கும். ஸ்விஃப்டில் எழுதும் ஆப் என்றால் அப்ளிகேஷன் டெலிகேட்டில் லிங்குகளை வாங்கும் ஓபன் செயற்கூறு இருக்கிறது. சொந்த ஆப் இல்லாமல் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டத்தான் வேண்டும் என்றால், ஸ்கிரிப்ட் எடிட்டரில் "ஆன் ஓபன் லொகேஷன்" என்று தொடங்கும் ஆப்பிள்ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, ஆப்பாகச் சேமித்து, அதன் இன்ஃபோ.பிலிஸ்டைத் திருத்துங்கள். திருத்தியதும் பழைய கையொப்பம் செல்லாமல் போகும். கோட்சைன் கட்டளையால் மறுபடி கையொப்பமிட வேண்டி வரலாம். உள்ளிருந்து ஷெல்லை, அதாவது டெர்மினல் கட்டளைகளை ஓட்டும் புரோகிராமை, கூப்பிடும்போது லிங்கைக் "கோட்டட் ஃபார்ம்" வழியாக மட்டும் அனுப்புங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

லினக்ஸ் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எல்லாம் ஒரே ஒரு சிறிய எழுத்து ஃபைலில் முடிந்துவிடுகிறது. வீட்டு ஃபோல்டரில் .லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று போய், அங்கே பேரேடு.டெஸ்க்டாப் என்று ஒரு ஃபைல். அதில் டைப், நேம் என்ற வழக்கமான வரிகளோடு, எக்ஸெக் வரியில் புரோகிராமின் முழுப் பாதையும், அதன்பின் %u என்ற குறியீடும் (சதவீதக் குறி, சின்ன யூ எழுத்து) வரும். லிங்க் வந்து நிரம்பும் இடம் அது. மைம்டைப் வரியில் "எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/" என்று எழுதி ஸ்கீம் பெயரைச் சேர்த்து அரைப்புள்ளியோடு முடியுங்கள். விண்டோஸில் மேற்கோள் கட்டாயம் என்றேன். இங்கே நேர்மாறு: சதவீதக் குறியோடு வரும் அந்தச் சின்ன யூவை மேற்கோளுக்குள் வைக்கக் கூடாது என்று டெஸ்க்டாப் ஃபைல் விதியே சொல்கிறது. பிறகு எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் கட்டளையில் ஃபைல் பெயரையும் எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர் பெயரையும் கொடுங்கள். எக்ஸ்டிஜி-ஓபன் கட்டளையால் சோதியுங்கள்.

படி 3: புரோகிராம் லிங்கை வாங்கும் இடம்

வந்த லிங்கை நீங்களே வெட்டி ஒட்டிப் பிரிக்காதீர்கள். பைத்தானில் யூஆர்எல்லிப், சி ஷார்ப்பில் யூஆர்ஐ, ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் என்று எல்லா மொழிகளிலும் இதற்கென நூலகம் உண்டு. பிரித்தபின் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது:

லிங்கின் நீளம் 500 எழுத்தைத் தாண்டினால் நிறுத்து.
ஸ்கீம் பேரேடு இல்லையென்றால் நிறுத்து.
செயலின் பின்னால் சாய்கோடு இருந்தால் நீக்கு. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கு.
செயல் "திற" என்றால்: எண் என்பதை எடு. 1 முதல் 8 இலக்கம் வரை, எண் மட்டும் இருந்தால் அந்த ரசீதைக் காட்டு. வேறு எது இருந்தாலும் நிறுத்து.
செயல் "தேடு" என்றால்: சொல்லை எடு, தேடல் பெட்டியில் நிரப்பு.
மற்ற எந்தச் செயலாக இருந்தாலும் நிறுத்து.

500 என்பது என் கணக்கு. உங்கள் லிங்குகளுக்கு எவ்வளவு போதுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியில் சாய்கோடு ஏன் வந்தது? நீங்கள் "திற" என்று எழுதியதை, வழியில் பிரவுசரோ இயங்குதளமோ "திற/" என்று மாற்றிக் கொடுப்பதுண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காவிட்டால், ஒரு பிரவுசரில் ஓடும் லிங்க் இன்னொன்றில் ஓடாது.

கடைசி வரிதான் உயிர்நாடி. தெரிந்ததை மட்டும் ஏற்று, மற்றதை எல்லாம் மறுக்க வேண்டும். "இது ஆபத்தானது, இதைத் தடு" என்று பட்டியல் போட்டால் அந்தப் பட்டியலுக்கு முடிவே இருக்காது.

நிறுத்தும்போது சும்மா மறைந்துவிடாமல், "இந்த லிங்கைப் புரிந்துகொள்ள முடியவில்லை" என்று ஒரு சின்னச் செய்தி காட்டுங்கள். இல்லையென்றால் பயனர் பத்துத் தடவை கிளிக் செய்துகொண்டிருப்பார்.

தமிழ்ச் சொற்கள் லிங்கில் போகும்போது

லிங்கில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர மற்ற எல்லாம் சதவீதக் குறியோடு கூடிய வடிவத்துக்கு மாறித்தான் பயணிக்க வேண்டும். இடைவெளி %20 ஆகிறது. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக நீளும். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. ஆக 15 பைட், லிங்கில் 45 எழுத்து. ஒரு முழு வாக்கியத்தை அனுப்பினால் லிங்க் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன 500 எழுத்து வரம்பு அதோடு காலி.

அதனால்தான் லிங்கில் உள்ளடக்கத்தை ஏற்றாமல் எண்ணை மட்டும் அனுப்பச் சொல்கிறேன். பெயர், முகவரி, குறிப்பு எல்லாம் புரோகிராமின் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். தேடல் சொல் போன்ற இடங்களில் தமிழ் தேவைப்பட்டால், லிங்கை உருவாக்கும் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்யூஆர்ஐகம்பொனென்ட் கொண்டு மாற்றுங்கள். வாங்கும் பக்கத்தில் ஒரே ஒரு தடவை திரும்ப மாற்றுங்கள். நூலகம் ஏற்கெனவே மாற்றித் தந்ததை நீங்கள் மறுபடி மாற்றினால், சோதனையைத் தாண்டி வந்த பாதுகாப்பான சொல் இரண்டாவது மாற்றத்தில் வேறொன்றாகிவிடும். கூட்டல் குறியிலும் கவனம்: சில நூலகங்கள் அதை இடைவெளியாக எடுத்துக்கொள்ளும், சில அப்படியே விடும்.

புரோகிராம் ஏற்கெனவே திறந்திருந்தால்

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒவ்வொரு கிளிக்கும் புரோகிராமைப் புதிதாக ஓட்டும். அஞ்சு ரசீதைக் கிளிக் செய்தால் அஞ்சு பேரேடு திறந்து நிற்கும். இது எரிச்சல் மட்டுமில்லை, ஒரே தரவை அஞ்சு இடத்திலிருந்து திருத்தும் ஆபத்தும் கூட.

தீர்வு இப்படி: புரோகிராம் தொடங்கியதும் "என்னைப் போல் இன்னொருவர் ஓடிக்கொண்டிருக்கிறாரா?" என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் பெயரிட்ட மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு), லினக்ஸில் பூட்டு ஃபைல் அல்லது டி-பஸ் (புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வசதி) இதற்குப் பயன்படும். யாரும் இல்லையென்றால் வழக்கம்போலத் திறக்கலாம். இருந்தால், வந்த லிங்கை பைப் அல்லது சாக்கெட் (இரண்டு புரோகிராம்களுக்கு இடையே தரவு அனுப்பும் வழிகள்) வழியாக அவரிடம் கொடுத்துவிட்டு, புதிதாக வந்தவர் அமைதியாக வெளியேற வேண்டும். எலெக்ட்ரான், கியூட்டி போன்ற கட்டமைப்புகளில் எழுதுகிறவர்களுக்கு இதற்கான வசதி தயாராகவே கிடைக்கும். மேக்கில் இயங்குதளமே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பிடம் லிங்கைச் சேர்த்துவிடும்.

விண்டோஸில் இன்னொரு நுணுக்கம். பழைய புரோகிராமிடம் லிங்க் போய்ச் சேர்ந்தாலும், அது முன்னால் வராமல் கீழே டாஸ்க்பாரில் மின்னிக்கொண்டே இருக்கலாம். பின்னணியில் இருக்கும் புரோகிராம் தானாக முன்னே பாய்வதை விண்டோஸ் தடுக்கிறது. பயனரின் கிளிக்கால் பிறந்த புதிய புரோகிராமுக்குத்தான் பொதுவாக அந்த உரிமை இருக்கும். அது வெளியேறும் முன் அலவ்செட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ என்ற விண்டோஸ் செயற்கூறு மூலம் உரிமையைப் பழையவருக்குக் கைமாற்ற வேண்டும்.

பாதுகாப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த வழியில் நடந்த உண்மையான தவறுகளைத் தெரிந்துகொண்டால் எச்சரிக்கை தானாக வரும்.

2018 ஜனவரியில் எலெக்ட்ரானில் ஒரு ஓட்டை வெளிவந்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2018-1000006. விண்டோஸில் சொந்த ஸ்கீம் பதிந்திருந்த எலெக்ட்ரான் ஆப்களை அது பாதித்தது. லிங்குக்குள் ஒரு மேற்கோள் குறியை நுழைத்தால், %1-ஐச் சுற்றியிருந்த மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும். அதன் பின்னால் வருவதெல்லாம் புரோகிராமுக்கான ஆப்ஷன்களாகிவிடும். அந்த ஆப்ஷன்களில் ஒன்று வேறொரு புரோகிராமை ஓட்டக்கூடியது. அப்புறம் என்ன, ஒரு லிங்கால் கணினியில் எதை வேண்டுமானாலும் இயக்கலாம் என்றானது. லிங்குக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு ஒன்றைச் சேர்ப்பது அப்போது சொல்லப்பட்ட தற்காலிகத் தீர்வு. "இதற்குப் பிறகு வருவது ஆப்ஷன் இல்லை" என்பதே அதன் பொருள். உங்கள் புரோகிராம் ஆப்ஷன்களை ஏற்கும் வகையாக இருந்தால் நீங்களும் கமாண்டில் "%1"-க்கு முன் அதைச் சேருங்கள். அல்லது லிங்க் வாங்குவதற்கென்றே ஆப்ஷன் எதுவும் ஏற்காத தனிச் சிறிய புரோகிராம் ஒன்றை வையுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் நிம்மதி தருகிறது.

2022 மே மாதம் ஃபாலினா என்ற பெயரில் பேசப்பட்டது இன்னும் பெரியது. மைக்ரோசாஃப்டின் பழுது கண்டறியும் கருவிக்கென எம்எஸ்-எம்எஸ்டிடி என்ற ஸ்கீம் இருந்தது. வேர்ட் ஆவணம் ஒன்றிலிருந்து அந்த ஸ்கீம் வழியாகக் கருவியைக் கூப்பிட்டு, கட்டளைகளை ஓட்ட முடிந்தது. உடனடித் தீர்வாக மைக்ரோசாஃப்ட் சொன்னது, ரிஜிஸ்ட்ரியில் அந்த ஸ்கீமின் கீயையே நீக்கிவிடுங்கள் என்பதுதான். அனுபவமிக்க நிறுவனத்தின் கருவிக்கே இந்த நிலை.

இவற்றிலிருந்து நம் பேரேடுக்கு நான் வைக்கும் விதிகள்: லிங்கில் வந்த எதையும் ஷெல் கட்டளையோடு ஒட்டாதீர்கள். ஃபைல் பாதையை லிங்கில் வாங்காதீர்கள், எண்ணை வாங்கி, பாதையைப் புரோகிராமே கண்டுபிடிக்கட்டும். தரவை மாற்றும் செயல் ஏதாவது தவிர்க்க முடியாமல் இருந்தால், "ரசீது 1042-ஐ முடிந்ததாகக் குறிக்கவா?" என்று எந்த எண், என்ன மாற்றம் என்பதைத் தெளிவாகக் காட்டிப் புரோகிராமே கேட்கட்டும். பிரவுசர் ஏற்கெனவே கேட்டுவிட்டதே என்று இருக்காதீர்கள். பிரவுசர் கேட்பது "பேரேடைத் திறக்கவா?" என்பது மட்டும்தான். உள்ளே என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது.

கடவுச்சொல்லையோ நுழைவுக் குறியீட்டையோ லிங்கில் வைக்காதீர்கள். ஆர்க்யுமென்ட் வரி கணினியில் ஓடும் மற்ற புரோகிராம்களுக்கும் தெரியக்கூடியது. டாஸ்க் மேனேஜரில் கமாண்ட் லைன் பத்தியைத் திறந்தாலே தெரியும். அதே ஸ்கீமை வேறொரு புரோகிராம் பதிந்து லிங்கை வழிமறிக்கவும் வாய்ப்புண்டு. உள்நுழைவு முடிந்து பிரவுசரிலிருந்து ஆப்புக்குத் திரும்பும் வேலைக்கு ஸ்கீமைப் பயன்படுத்துகிறவர்கள், 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8252-ஐப் படித்து, வழிமறித்த குறியீட்டை வேறொருவர் பயன்படுத்த முடியாமல் செய்யும் பிக்சி (பிகேசிஇ) முறையோடு சேர்த்தே செய்யுங்கள்.

"பிரவுசர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறதே, அதைத் தவிர்க்க கணினிக்குள்ளேயே ஒரு சின்ன வெப் சர்வர் வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2019-இல் மேக்குக்கான ஜூம் அப்படித்தான் வைத்திருந்தது. எந்த வலைத்தளமும் பயனரைக் கேமராவோடு அழைப்பில் சேர்த்துவிட முடியும் என்று ஆய்வாளர் ஒருவர் காட்டினார். ஆப்பை நீக்கினாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை அகற்றியது. அந்தக் கேள்விப் பெட்டி பயனருக்கான காவல். அதைச் சுற்றிப் போகும் வழி தேடாதீர்கள்.

படி 4: வலைப்பக்கத்தில் லிங்கை வைப்பது

சாதாரண லிங்க் போதும். புதிய டேபில் திறக்கும்படி அமைக்காதீர்கள், காலி டேப் ஒன்று மிஞ்சும். பக்கம் திறந்ததும் தானாக லிங்கை ஓட்டும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். பயனர் கிளிக் செய்யாமல் வரும் அழைப்புகளைப் பிரவுசர்கள் பெரும்பாலும் தடுத்துவிடும்.

புரோகிராம் நிறுவப்படாத கணினியில் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். திறந்ததா இல்லையா என்பதை உறுதியாகக் கண்டறிய வழியில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் பக்கம் கவனத்தை இழந்ததா என்று பார்த்து ஊகிக்கும் தந்திரம் ஒன்று உண்டு. பல தடவை பயன்படுத்திவிட்டுக் கைவிட்டேன். கேள்விப் பெட்டி வந்தாலே அது குழம்பிவிடுகிறது. லிங்குக்குப் பக்கத்திலேயே "திறக்கவில்லையா? எண்ணைக் காப்பி செய்க" என்று ஒரு பொத்தான் வைப்பது எப்போதும் வேலை செய்யும்.

மின்னஞ்சலிலும் அரட்டையிலும் அனுப்பினால் பல சேவைகள் தெரியாத ஸ்கீமை லிங்காகவே காட்டாது. அங்கே உங்கள் வலைத்தளத்தின் வழக்கமான முகவரி ஒன்றை அனுப்புங்கள். அது திறக்கும் பக்கத்தில் "பேரேடில் திற" என்று ஒரு பொத்தான். ஒரு கிளிக் கூடுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஓடும்.

ஓடவில்லையென்றால்

முதல் வேலை, வந்த ஆர்க்யுமென்டுகளை நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதும் இரண்டு வரி கோடைச் சேருங்கள். கிளிக் செய்து, ஃபைலைப் பாருங்கள். புதிய வரி எதுவும் இல்லையென்றால் பதிவில் பிழை, அல்லது பிரவுசர் தடுத்திருக்கிறது. ரன் பெட்டியிலோ எக்ஸ்டிஜி-ஓபனிலோ அதே லிங்கைக் கொடுத்தால் எது என்று பிரிந்துவிடும். வரி இருந்தும் புரோகிராம் ஒன்றும் செய்யவில்லையென்றால் பிரிக்கும் கோடைப் பாருங்கள்.

நீங்களே ஓட்டும்போது சரியாக ஓடி, லிங்கிலிருந்து மட்டும் தவறினால் பெரும்பாலும் ஃபோல்டர்தான் காரணம். பிரவுசர் தொடங்கும் புரோகிராமின் நடப்பு ஃபோல்டர் உங்கள் ஃபோல்டராக இருக்காது. "செட்டிங்ஸ் ஃபைலைப் பக்கத்தில் தேடு" என்று எழுதியிருந்தால் அது கிடைக்காது. புரோகிராம் தான் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து அங்கிருந்து முழுப் பாதையை அமைக்கட்டும். விண்டோஸில் வேறு புரோகிராம் திறந்தால், செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் பகுதிக்குப் போய் லிங்க் வகைப்படி தேடுங்கள். யார் அந்தப் பெயரைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று அங்கே தெரியும்.

மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது

ரெஜ்எடிட்டைத் திறக்கச் சொல்லிப் பயனரை அனுப்பாதீர்கள். நிறுவும் புரோகிராமே பதிவைச் செய்யட்டும். ஏற்கெனவே அந்தப் பெயர் வேறொருவரிடம் இருந்தால் கேட்காமல் பறிக்காமல், பயனரிடம் சொல்லி அனுமதி வாங்கட்டும். நீக்கும்போது ஸ்கீம் கீயையும், லினக்ஸில் .டெஸ்க்டாப் ஃபைலையும் சேர்த்தே நீக்குங்கள். ஆனால் நீக்குவதற்கு முன் கமாண்ட் மதிப்பைப் படித்து, அது இன்னமும் உங்கள் புரோகிராமைத்தான் காட்டுகிறதா என்று சரிபார்த்துவிட்டு நீக்குங்கள்.